முதுசமாக வந்த மோட்டார் வண்டி

யாழ்ப்பாணத்து மக்களின் உடைமை வழக்குகளை எடுத்துரைப்பது தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியின்போது யாழ்ப்பாணத்திலே திசாவையாகப் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706 ஆம், 1707 ஆம் ஆண்டுகளில் அவ்வழக்குகளைக் கேட்டறிந்து தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். பின்வந்த ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டிலே அதற்குச் சட்ட வலிமை தந்தனர். ஒரு குடும்பத்தின் உடைமையை அவ்வழமை மூன்றாக வகுக்கின்றது. கணவன் தன் முன்னோர் வழியாகக் கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் இல்லறம் நடத்துங் காலத்தில் உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம்.

அக்காலத்தில் உடைமை என்று எண்ணப்பட்டவை வளவும் வயலும், பனங்காணியும் கிணற்றுப் பங்கும், ஆடுமாடும் நகையுமே. நிலம் தேய்வதில்லை, பனை ஒரு தலைமுறை நட்டதை மறு தலைமுறைக்குக் கொடுக்கின்றது. ஆதலால் அவை முதுசமாக வருதல் இயல்பு. ஆனால் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்தின் ஓர் ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த ஓர் இயந்திரம், காணியைப் போலவும் வீட்டைப் போலவும் மூன்று தலைமுறை கைமாறும் உடைமையாக யாழ்ப்பாணத்தில் நிலைபெற்றது. ஒஸ்ரின் ஏ 40 என்றும், மொறிஸ் மைனர் என்றும், கேம்பிறிஜ் என்றும் பெயர் சொல்லி அழைக்கப்படும் பழைய மோட்டார் வண்டிகளையே இங்குக் குறிப்பிடுகின்றேன். ஓடத் தொடங்கிய நாள் முதலாகத் தேயத் தொடங்கும் ஒரு பொருள் முதுசமானது எவ்வாறு? இறந்துபோன உறவினர் ஒருவரின் வண்டியைப் பெற்றுக்கொள்பவர் உண்மையிலே பெறுவது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இவ்வண்டிகள் இந்நாட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஹேர்பேட் ஒஸ்ரின் என்பவர் 1905 ஆம் ஆண்டிலே பேர்மிங்ஹாம் நகருக்கு அண்மையிலுள்ள லோங்பிறிஜ் என்னுமிடத்தில் தம் ஆலையை நிறுவினார். 1922 இல் அங்கிருந்து வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்னும் சிறு வண்டி, நடுத்தர வருவாயினரும் மோட்டார் வண்டி வைத்திருக்கலாம் என்ற நிலையை இங்கிலாந்திலே தோற்றுவித்தது. இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது பிரித்தானியா பெருங் கடனாளியாக நின்றது. அந்நியச் செலாவணியை ஈட்டுவதற்காக, ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கே முன்னுரிமை அளித்து உருக்குப் பங்கிடப்பட்டது. ஆதலால் ஆலைகள் தம் நாட்டவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, வெளிநாடுகளுக்கு வண்டிகளை அனுப்பின. 1947 இல் அறிமுகமான ஏ 40 டெவன், 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஏ 40 சமர்செற் ஆகியவை இவ்வாறு உலகெங்கும் சென்ற வண்டிகளாகும். சமர்செற் மட்டும் 170,000 க்கு மேல் செய்யப்பட்டது. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பு. ஒஸ்ரினும் மொறிஸும் 1952 இல் ஒரே கூட்டுத்தாபனமாக இணைந்தன.

அவ்வண்டிகள் வந்திறங்கிய இலங்கை, புதிதாகச் சுதந்திரம் பெற்ற இலங்கை. 1950 ஆம், 1951 ஆம் ஆண்டுகளிலே கொரியப் போரினால் இறப்பரின் விலை உயர்ந்தது; நாட்டின் கையில் பணம் புழங்கியது. யாழ்ப்பாணத்துக்கோ வேறு வருவாய் வழிகளும் இருந்தன. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றி இளைப்பாறிய பென்சனியர்கள் ஊர் திரும்பியிருந்தனர். கொழும்பிலே எழுதுவினைஞர்களாகவும் வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் இருந்தோர் ஊரிலே வீடு கட்டினர். புகையிலை வியாபாரத்தில் ஈட்டியோரும் உளர். இவர்களே ஏ 40 வண்டிகளின் முதல் உடைமையாளர்கள். தேசவழமையின் சொல்லிற் கூறுவதாயின், அவ்வண்டிகள் தேடியதேட்டமாகவே யாழ்ப்பாணத்து முற்றங்களுக்கு வந்து சேர்ந்தன.

வண்டியின் உரிமை ஒருவருடையதாயினும் அதன் பயன் ஊருக்கு உரியதாக இருந்தது. ஒரு குறிச்சியிலே ஒரு வண்டி இருந்தால் போதும். மாப்பிள்ளை அழைப்புக்கு அதுவே போகும். நள்ளிரவிலே பிள்ளைப்பேற்று நோவெடுத்தால் அதன் உடையவர் வீட்டுப் படலையையே தட்டுவார்கள். 1956 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர், கொழும்பிலிருந்து வரும் உத்தியோகத்தரைப் புகையிரத நிலையத்திலே எதிர்கொள்ளும் வேலையும் அதற்கு வந்து சேர்ந்தது. பின் ஆசனத்தில் மூவர் இருக்கவேண்டிய இடத்தில் அறுவர் இருப்பர். மடியிலே பிள்ளைகளும் இருப்பர். திரும்பும் பக்கத்தைக் காட்டுதற்குக் கதவோரத்திலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். அதனைக் காண்பதற்கென்றே பிள்ளைகள் சந்தியிலே காத்து நிற்பார்கள்.

வண்டியின் இலக்கத் தகடும் ஒரு வரலாற்றுச் சான்றாகும். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. முதலிய ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய வண்டிகள் 1957 ஆம் ஆண்டுக்கு முன்னர்ப் பதிவு பெற்றவை. அவ்வாண்டு முதல் புதிய வண்டிகளுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வழங்கப்படலாயிற்று. தமிழர் அதனை எதிர்த்தனர். 1958 மார்ச் மாதத்திலே அரசாங்கத்தின் புதிய பேருந்துகள் அவ்வெழுத்துடன் வடக்கே வந்தபோது, அவ்வெழுத்தின்மீது தார் பூசும் இயக்கம் நடந்தது. தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசப்பட்டது. பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தம் ஏப்பிரிலிலே கைவிடப்பட்டது. மே மாதத்திலே இனக்கலவரம் மூண்டது. இன்று ஒரு பழைய ஏ 40 வண்டியின் முன்னே நின்று அதன் தகட்டை வாசிப்பவர், அந்தப் பிணக்குக்கு முற்பட்ட காலத்தின் எழுத்தையே வாசிக்கின்றார்.

இவ்வண்டிகள் முதுசமாவதற்குரிய முதற் காரணம் 1960 களின் தொடக்கத்திலே தோன்றியது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு அருகியமையால் தனியார் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் அந்நிலை பெரும்பாலும் நீடித்தது. புதியது வாராதபோது பழையது அருமையடைகின்றது. பிற நாட்டிலே பழைய இரும்புக்குப் போயிருக்கவேண்டிய வண்டி, இங்கே வாங்கிய விலைக்கு மேல் விலைபோகும் பொருளாயிற்று. கியூபா நாட்டு ஹவானா நகரிலே 1959 ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முந்திய அமெரிக்க வண்டிகள் இன்னும் ஓடுவதனை நேயர்கள் படங்களிலே கண்டிருப்பீர்கள். அங்கும் வர்த்தகத் தடையே பழைய வண்டிகளைக் காத்தது. மக்கள் பழமையை விரும்பினார்கள் என்பதைவிட, வேறு வழி இல்லாதிருந்தார்கள் என்பதே ஈரிடத்துக்கும் பொருந்தும் உண்மை.

எனினும் பற்றாக்குறை மாத்திரம் ஓர் இயந்திரத்தை எழுபது ஆண்டுகள் ஓட்டிவிட மாட்டாது. அதற்குக் கைகள் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கராச்சுகளிலே வேலை பழகிய மெக்கானிக்குமார் அக்கைகளை உடையவர்கள். ஏ 40 வண்டியின் அமைப்பும் அவர்களுக்கு உதவிற்று. அதன் உடல் தனியான இரும்புச் சட்டத்தின் மீது பொருத்தப்பட்டது. ஒன்று பழுதானால் மற்றதை வைத்துக்கொண்டு திருத்தலாம். அதன் 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரத்திலே நான்கு உருளைகள். மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கிடையாத உறுப்பைக் கடைசல் பட்டறையிலே செய்வித்தார்கள். வேறொரு வண்டியின் உறுப்பை அராவிப் பொருத்தினார்கள். மெக்கானிக் ஒருவர் தம் மாணாக்கனுக்குச் சொல்லாற் கற்பிப்பதில்லை. இயந்திரத்தின் ஓசையைக் கேட்க வைத்தே கற்பிப்பார். அவ்வறிவு ஏட்டில் ஏறாமலே ஆசிரியனிடமிருந்து மாணாக்கனுக்குச் சென்றது.

இரண்டாவது காரணம் போர். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உதிரிப் பாகங்கள் முதலியன வடக்கே செல்லக்கூடாதெனத் தடை விதிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மாத்திரம் அளவோடு வந்தது. அதன் விலையும் பன்மடங்காக உயர்ந்தது. புதிய யப்பானிய வண்டிகள் பல கொட்டில்களிலே முடங்கின. ஐம்பதுகளின் வண்டிகளோ வெளியே வந்தன.

இதன் நுட்பத்தைச் சிறிது விளக்குதல் பொருந்தும். பெற்றோல் இயந்திரத்திலே எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்த கலவை முதலில் அமுக்கப்பட்டுப் பின்னர்த் தீப்பொறியால் எரிக்கப்படுகின்றது. பிற்கால இயந்திரங்கள் அக்கலவையை மிகுதியாக அமுக்குகின்றன. அவற்றிலே மண்ணெண்ணெயை ஊற்றினால் அது வேளைக்கு முந்தி வெடித்து இயந்திரத்தை அடித்து நொறுக்கிவிடும். ஏ 40 வண்டியிலே அமுக்க வீதம் 7 க்கு 1 என்ற அளவினது. அது மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் முதலிலே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சில துளிகளுக்காக ஒரு சிறு போத்தலிலே பெற்றோலைப் பொன்போலப் பொதிந்து வைத்திருந்தார்கள். பற்றரி வலுக் குன்றியிருந்தாலும் குற்றமில்லை. வண்டியோடு இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புச் சுழற்றுபிடி ஒன்றுண்டு. அதனை முன்புறத்துத் துளையிற் செருகிக் கையாற் சுழற்றினால் இயந்திரம் விழித்துக்கொள்ளும். 1954 இல் எவரும் பொருட்படுத்தாத அந்தப் பிடி, நாற்பது ஆண்டுகளின் பின்னர் உயிர் காக்கும் கருவியாயிற்று.

வீதியிலே வெண்புகை பரவும். மண்ணெண்ணெய் வாடை வண்டிக்கு முன்னே வந்து சேரும். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் இயந்திரம் விரைவிலே தேயும். அதனை அறிந்துகொண்டுதான் ஓட்டினார்கள். ஏனெனில் காயம்பட்டவரையும் கருவுற்றவளையும் கொண்டு செல்வதற்கு அதனை விட்டால் வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. அக்காலத்திலே துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் யாழ்ப்பாணத்திலே இருந்தார்கள். இன்று இப்பேச்சைக் கேட்போரிலும் அவ்வாறு கால் வலிக்க மிதித்துச் செய்தி கேட்டவர் சிலர் இருக்கக்கூடும்.

நான் இவற்றைப் பொதுவாக அறிந்ததோடு, ஒரு வண்டியின் வழியாகச் சிறப்பாகவும் அறிந்தேன். கொக்குவிலிலே வாழ்ந்த என் தாய்மாமனார் ஒரு தபாலதிபர், மணமுடிக்காதவர். 1961 இல் வைத்தியர் ஒருவரிடமிருந்து ஏ 40 சமர்செற் ஒன்றை வாங்கினார். அம்மான் மிகச் சிக்கனமானவர். தபாற்கந்தோர்ப் பழக்கத்தினாலே எதனையும் எழுதி வைப்பவர். வண்டிக்கெனக் கோடிட்ட குறிப்பேடு ஒன்றை வைத்து, எந்நாள் எண்ணெய் மாற்றப்பட்டது, எந்நாள் எவ்வளவு பெற்றோல், எவ்விடம் சென்றது, எத்தனை கட்டை என்றெல்லாம் பதிந்து வந்தார். 1990 ஆம் ஆண்டு வரையில் அது வரவு செலவுக் கணக்காகவே இருக்கின்றது. அதன் பின்னர் எழுத்தின் தன்மை மாறுகின்றது. 'மண்ணெண்ணெய் இரண்டு போத்தல், பெரியாசுபத்திரி, பிள்ளைப்பேறு' என்று ஒரு வரி. 'ஒரு போத்தல், பெரியாசுபத்திரி, திரும்பி வரும்போது ஆள் இல்லை' என்று மற்றொரு வரி. கூலி என்னும் நிரல் அவ்வாண்டு முதல் வெறுமையாகவே கிடக்கின்றது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளியேற நேர்ந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொட்டும் மழையிலே, குறுகிய வீதிகளினூடாகத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்திலே அடி பெயர்க்க இடமிருக்கவில்லை. அம்மானுக்கு அப்போது எழுபத்தொரு வயது. அவருடைய குறிப்பேட்டில் அந்நாளுக்குரிய பதிவு மிகச் சிறியது: 'கொக்குவிலிலிருந்து சாவகச்சேரி. ஆட்கள் பதினொருவர். மூன்று போத்தல். பாலத்திலிருந்து தள்ளினோம்.' பத்துக் கட்டை வரையிலான வழிக்கு ஓர் இரவு முழுவதும் சென்றதென்று என் தாயார் கூறுவார். நடக்கமாட்டாத முதியோரும் பிள்ளைகளும் வண்டியினுள்ளே இருக்க, நடக்கக்கூடியவர்கள் அதனைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அம்மான் சுக்கானைப் பிடித்தபடி இருந்தார். அடுத்த ஆண்டு, மக்கள் ஊர் திரும்பியபோது, அதே வண்டியிலே அவரும் திரும்பினார்.

அவர் 1999 இல் இறந்தார். இங்கேதான் தேசவழமையின் நுண்மையை நாம் காணவேண்டும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்து விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டம், இறந்தவரின் வழியாக வரும் உடைமையை இரு பெயர்களால் வேறுபடுத்துகின்றது. பெற்றோரிடமிருந்தோ அவர்க்கு மேற்பட்ட முன்னோரிடமிருந்தோ வருவது முதுசம். பெற்றோரும் முன்னோரும் அல்லாத வேறோர் உறவினரிடமிருந்து வருவது உரிமை. ஆகவே, அம்மானின் வண்டி அவருடைய தங்கையாகிய என் தாயாருக்கு உரிமையாக வந்தது. என் தாயார் 2011 இல் மறைந்தபோது, அதே வண்டி எனக்கு முதுசமாக வந்தது. வாங்கியவருக்கு அது சொந்த உழைப்பின் பயன், தங்கைக்கு உரிமை, மருமகனுக்கு முதுசம். வண்டி ஒன்றே, அதற்கும் எங்களுக்கும் உள்ள உறவைச் சட்டம் கைமாறுந்தோறும் பெயர் மாற்றி அழைத்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக வகுத்தாலும், ஓரிடத்திலே அது தடுமாறி நிற்கின்றது. இறந்தவரின் வண்டியைப் பெயர் மாற்றுவதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். வண்டியின் உடையவர் இறந்தாரா இருக்கின்றாரா என்பதே தெரியாதிருந்தால் செய்வது யாது? போரினாலே காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் பல, மரணச் சான்றிதழைப் பெற மறுத்து நிற்பதை நாடறியும். அத்தாளில் ஒப்பமிடுதல், பிள்ளை இறந்துவிட்டான் என்று தாயே ஒத்துக்கொள்வதாகும் என்பது அவர்களுடைய எண்ணம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஓரளவு வழி கண்டது. இறந்தார் என்று கூறாமல், காணக்கிடைக்கவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழ் ஒன்றை அச்சட்டம் ஏற்படுத்தியது. நான் அறிந்த ஒரு வீட்டிலே மொறிஸ் மைனர் ஒன்று நிற்கின்றது. மகனுடைய பெயரிலேயே அது இன்னும் இருக்கின்றது. அதனை வாங்குவதற்குப் பலர் வந்தனர். தந்தையார் வாரத்துக்கு ஒரு முறை அதன் இயந்திரத்தை முடுக்கி, சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்திவிடுவார். அவர் அதனை முதுசமாகப் பெறவுமில்லை; பெற விரும்பவுமில்லை. வைத்துக் காத்திருக்கின்றார். அவ்வண்டிக்குத் தேசவழமையிலே பெயரில்லை.

பின்னர் நிலைமை மாறியது. 2002 ஆம் ஆண்டிலே ஏ 9 வீதி திறக்கப்பட்டபோது புதிய வண்டிகள் வந்தன. 2006 ஆகஸ்டிலே வீதி மீண்டும் மூடுண்டபோது பழையவற்றின் கை ஓங்கியது. 2009 இன் பின்னர்ப் புதியவை வீதியை நிறைத்தன. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறிவிட்டமையால், பல முற்றங்களிலே வண்டி இருந்தும் ஓட்டுவாரில்லை. கொழும்பிலிருந்து சேகரிப்பாளர்கள் வந்து, நல்ல விலை சொல்லி வாங்கிச் செல்கின்றார்கள். எஞ்சியவற்றுட் சில திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்குச் செல்கின்றன. 2020 மார்ச் முதலாக வண்டி இறக்குமதி மறுபடியும் தடைப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ருவரியிலேதான் வழி திறந்தது. 2022 இலே நாடு முழுவதும் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, யாழ்ப்பாணத்து முதியவர்கள் மண்ணெண்ணெய்க் காலத்தை நினைவு கூர்ந்தார்கள்; அவர்களுக்கு அது புதுமையன்று.

இவ்வண்டிகளைச் செய்த ஆலைக்கு நேர்ந்தது யாது என்பதையும் கூறிவிடுகின்றேன். ஒஸ்ரின் என்னும் பெயரில் வண்டி செய்வது 1980 களின் பிற்பகுதியிலே முடிவுற்றது. லோங்பிறிஜ் ஆலையை நடத்திய நிறுவனம் 2005 ஏப்பிரிலிலே வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தனர். செய்தவர் கை ஓய்ந்த பின்னரும், அவர்கள் செய்த பொருள் கடல் கடந்த ஒரு சிறு குடாநாட்டிலே ஓடிக்கொண்டிருக்கின்றது.

வண்டியைப் பெற்றவர்கள் இன்று எதிர்நோக்கும் கேள்வி ஒன்று உண்டு. புதுக்கியமைப்பதா, உள்ளபடியே வைத்திருப்பதா என்பதே அது. சேகரிப்பாளர் ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தவாறே வண்டி இருக்கவேண்டும் என்பர். அதற்கென்று உதிரிப் பாகங்களை இங்கிலாந்திலிருந்தே வரவழைப்பாரும் உளர். அவர்கள் கூறுவதிலும் நியாயமுண்டு. ஓர் இயந்திரத்தின் மூல வடிவத்தைக் காப்பதும் வரலாற்றுப் பணியே. ஆனால் அம்மானின் வண்டியிலே எண்ணெய்க் குழாயோடு கம்பியாற் கட்டப்பட்ட சிறு போத்தற்கூடு ஒன்று இருக்கின்றது. மெக்கானிக் ஒருவர் பழைய பால்மா ரின்னின் தகட்டை வெட்டி அதனைச் செய்தார். லோங்பிறிஜ்ஜின் வரைபடத்திலே அதற்கு இடமில்லை. வண்டியை 1954 ஆம் ஆண்டுக்குத் திருப்புவதாயின் அதனைக் கழற்றி எறியவேண்டும். கழற்றினால், 1990 முதல் 1996 வரையிலான ஆறு ஆண்டுகளையும் எறிந்தவராவோம். பலமுறை சிந்தித்து, அதனை இருந்தவாறே விட்டிருக்கின்றேன். துருவைப் போக்கலாம், நிறம் பூசலாம், தேய்ந்த உறுப்பை மாற்றலாம். மக்கள் துன்பத்தின்போது தம் அறிவினாற் செய்த மாற்றங்களைப் பழுதென்று எண்ணுதல் தகாது.

இனி முதலிற் கேட்ட இரண்டாவது வினாவுக்கு வருவோம். இறந்தவரின் வண்டியைப் பெறுபவர் பெறுவது யாது? இரும்பும் தோலும் கண்ணாடியும் என்று ஒருவர் கூறலாம். விலையை மதிப்பிட்டு இவ்வளவு ரூபா என்று மற்றொருவர் கூறலாம். நினைவு என்றும் கூறுவர். அது உண்மையே, சுக்கானிலே கை பட்டுப் பட்டு மெருகேறிய இடத்தைத் தொடும்போது அவர் நினைவு வராமற் போகாது. ஆனால் நினைவு அவரை அறிந்தவர்க்கே வரும். என் பிள்ளைகள் அம்மானைக் கண்டதில்லை. அவர்களுக்கு அது பழைய கார் ஒன்று, அவ்வளவே. என் காலத்துக்குப் பின்னர் அவர்கள் அதனை விற்றால், அவர்களை நான் குறை கூறமுடியாது. வண்டி தானாகப் பேசுவதில்லை. அவர்கள் அம்மானை அறிந்துகொள்ள உதவுவது அந்தக் குறிப்பேடே. அதனை அவர்கள் வாசித்தபோது, பாலத்திலே தள்ளிய பதினொருவர் யார் யார் என்று கேட்டார்கள். எழுவர் பெயரை என்னாற் சொல்ல முடிந்தது. மற்றை நால்வரும் வழியிலே ஏறியவர்கள். அவர்களை அறிந்தவர் என் தாயார் ஒருவரே.

ஆகவே இவ்வண்டிகளை உடையவர்களிடம் ஒரு வேண்டுகோளைச் சமர்ப்பித்து இப்பேச்சை முடிக்கின்றேன். வண்டியின் பழைய பதிவுப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். அதிலே உடையவர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. அப்பெயர்களுக்குரியவர் எவர், என்ன தொழில் செய்தார், வண்டியை எதற்காக விற்றார் என்பவற்றை ஊரிலே வாழும் முதியோரிடம் இப்பொழுதே கேட்டறியுங்கள். 1990 இன் பின்னர் அவ்வண்டி எவரை எங்கே கொண்டு சென்றது என்பதையும், அதனைத் திருத்திய மெக்கானிக் எவர் என்பதையும் எழுதுங்கள். நடை நன்றாக அமையவில்லையே என்று கவலைகொள்ள வேண்டாம். ஆண்டும் ஊரும் ஆளும் இருந்தாற் போதும். அரசர்களுடைய வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சாதாரண மக்கள் ஒரு கொடிய காலத்தை எவ்வாறு கடந்தார்கள் என்பதற்குச் சான்றுகள் இவ்வாறான முற்றங்களிலேதான் கிடக்கின்றன. வண்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அந்த எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதன்பின் அவர்கள் வண்டியை வைத்திருந்தாலும் விற்றாலும், அதனை ஓட்டியவரை இழக்கமாட்டார்கள்.